வீட்டு மிஷினில் மெத்தைத் தையல்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை ஏறினேன். பாதியில் மறந்துபோய் "ஜெய்ஹிந்த்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவள் நான். அதனால்தான் இன்றைக்கு எழுதி வைத்துப் படிக்கிறேன். எழுத்து பாதி, பேச்சு பாதியாக இருக்கும். பொறுத்துக்குங்க.

எங்க ஊக்குநர் அக்கா, "மெத்தைத் தையலைப் பத்திப் பத்து நிமிஷம் சொல்லு, நாலு பேர் கத்துக்குவாங்க" என்று சொன்னாங்க. நன்றாக வந்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் எனக்கும் மரியாதை. ஆனால் வரப்போகிற மாதம் நம்ம கூட்டமைப்பு எல்லாக் குழுவும் சேர்ந்து அறுநூறு செட் சட்டி பிடிக்கிற துணி தைத்துக் கொடுக்கிற ஆர்டரை எடுக்கலாம் என்று பேச்சு நடக்குது. அதனால் நான் கெடுத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லியே ஆகணும்.

மெத்தைத் தையல் என்றால் என்ன என்று தெரியாதவங்களுக்கு முதலில் சொல்லிடறேன். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் கனத்துக்கு ஏதாவது ஒன்று. மூன்றும் நகராமல் இருக்க, மேலே கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ தையல். கரூர்ப் பக்கம் தையல் கம்பெனிகளில் குயில்டிங் என்று சொல்லுவாங்க. நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. எங்க அம்மாயி பழைய நூல் சேலை நாலை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, கையாலேயே நூலோட்டம் போட்டு, பிள்ளை படுக்க விரிப்பு செய்து தரும். வங்காளத்துப் பெண்கள் இதைக் காந்தா என்கிறார்கள், வட கர்நாடகத்தில் கௌதி என்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னாங்க. அவங்க அதுக்கு ஒரு பேர் வைத்து விற்கிறாங்க. நாம பழஞ்சேலை விரிப்பு என்று சொல்லி, பிள்ளை வளர்ந்ததும் மாட்டுக் கொட்டாயில் போட்டுவிட்டோம்.

கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் ஒரு தையல் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மேசை விரிப்பு, அடுப்படித் துணி எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். நான் உட்கார்ந்த மிஷினில் ஒரே வேலைதான், ஓரம் அடிக்கிறது. கல்யாணத்துக்கு எங்கப்பா சீராகக் கொடுத்த மிதி மிஷின், இரண்டு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை மூலையில் கிடந்தது. அதன் மேல் அரிசி டப்பா இருந்தது என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

2022-ல் குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மாதம் ஆயிரமும் வட்டியும். மிஷினை ரிப்பேர் பார்த்து மோட்டார் மாட்டினேன். கிலோ கணக்கில் கட்பீஸ் துணி வாங்கினேன். கடையில் "பஞ்சு ஷீட்" என்று ஒரு ரோல் வாங்கினேன். இந்த பஞ்சு ஷீட்டை மனசில் வைத்துக்குங்க, பிறகு வருவேன்.

முதலில் நான் தைக்க உட்கார்ந்தது இரண்டு பேர் படுக்கிற மெத்தை விரிப்பு. பெரிசாகச் செய்தால் பெரிய காசு வரும் என்கிற ஆசைதான். நம்ம வீட்டு மிஷினில் ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் போய் அளந்து பாருங்க. அரை அடிக்குச் சொச்சம்தான் இருக்கும். அவ்வளவு பெரிய விரிப்பைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்து, ஒரு கையால் இழுத்து, மறு கையால் தள்ளி, வீட்டுக்காரரை எதிரில் நிற்க வைத்துப் பிடிக்கச் சொல்லி... நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, கீழ்த்துணி மடிந்து மடிந்து தையலில் மாட்டியது. நாலு நாள் தைத்ததை இரண்டு நாள் பிரித்தேன். அந்த விரிப்பு இன்றைக்கும் எங்க வீட்டில்தான் கிடக்குது. அதற்குப் பிறகுதான் ஒன்றரை அடிக்கு மேல் போகாத சாமானாகப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தேன். சட்டி பிடிக்கிற துணி, தட்டு வைக்கிற விரிப்பு, போன் பை, கண்ணாடிப் பை. பெரிசில் பெரிசு என்றால் பிள்ளைக்குக் கீழே விரிக்கிற விரிப்பு. அது மட்டும் இரண்டரை அடிக்கு மூன்றடி. பிள்ளைக்குக் கீழே விரிக்கத்தான், மேலே போர்த்த இல்லை. கனமான துணி சின்னப் பிள்ளை முகத்தை மூடிடக் கூடாது என்று வாங்குகிறவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இனி தைக்கிற விதத்துக்கு வருகிறேன். துணியை வெட்டுவதற்கு முன்னாலேயே தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, தேய்த்துவிடுங்க. புது நூல் துணி சுருங்கும். சாயம் போகிற துணி முதல் அலசலிலேயே காட்டிக் கொடுத்துவிடும். தைத்த பிறகு மேல்துணி சுருங்கி உள்துணி சுருங்காவிட்டால், பொரித்த அப்பளம் மாதிரி ஆகிப்போகும். பழைய சேலையும் வேட்டியும் இந்த வேலைக்கு நல்லது என்பது அதனால்தான். அவை சுருங்குகிற அளவு ஏற்கெனவே சுருங்கியாச்சு.

கீழ்த்துணியையும் நடுத்துணியையும் மேல்துணியைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிசாக வெட்டணும். தைக்கத் தைக்க மேல்துணி கொஞ்சம் நகரும், கடைசியில் சேர்த்து ஒரே அளவாக வெட்டிக்கொள்ளலாம். மூன்றையும் விரித்துச் சுருக்கம் நீக்கி, பெரிய பெரிய நூலோட்டம் போட்டு நிறுத்துங்க. நேரம் இல்லை என்றால் ஊக்கு குத்தலாம். ஊக்கு குத்தினால் எண்ணிக் குத்துங்க, எண்ணி எடுங்க. கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு எல்லாம் கிடைத்தாகணும். அதை அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவாங்க. அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது பிள்ளை விரிப்பு தைக்கும்போது நானும் அப்படித்தான் தேடறேன். ஒரு தடவை ஊசி முனை ஒன்று கிடைக்கவே இல்லை. அந்த விரிப்பை நான் விற்கவில்லை.

கோடு போட மார்க்கிங் சாக் இல்லாவிட்டால் தேய்ந்துபோன சோப்புச் சில்லு போதும். துவைத்தால் போய்விடும். கோடு ஒன்றுக்கு ஒன்று ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ இடைவெளி. ரொம்ப நெருக்கித் தைத்தால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

மிஷினில் மாற்ற வேண்டியது மூன்று. ஜாக்கெட் தைக்கிற 14-ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 16 போடுங்க, ரொம்பக் கனமாக இருந்தால் 18. தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்க, ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுகிற மாதிரி. அப்புறம் மிஷின் தலையில், துணியை அமுக்குகிற காலுக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும். நிறைய பேர் அதைத் தொட்டே இருக்க மாட்டீங்க. அதை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால் கால் துணியை அமுக்குகிற அமுக்கம் குறையும். கீழே இருக்கிற பல் கீழ்த்துணியைத்தான் இழுக்கும், மேல்துணியை அந்தக் கால் பின்னால் தள்ளும். அமுக்கம் கூடுதலாக இருந்தால் மேல்துணி மட்டும் குவிந்து நிற்கிறது அதனால்தான். இரண்டு துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் புட் என்று ஒரு கால் தனியாகக் கிடைக்கும். வசதி இருக்கிறவங்க மிஷினைக் காட்டிப் பொருத்தம் பார்த்து வாங்கலாம். நான் இன்னும் வாங்கவில்லை.

முதல் கோட்டை நடுவில் தையுங்க. பிறகு நடுவிலிருந்து வலது பக்கம், பிறகு இடது பக்கம். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் காற்று அடைத்த மாதிரி நடுவில் வந்து புடைத்துக்கொள்ளும். எல்லாக் கோட்டையும் மேலிருந்து கீழாகவே தையுங்க. ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து என்று மாற்றி மாற்றித் தைத்தால் துணி திருகிக்கொள்ளும். புதுத் துணியில் தைக்கும் முன் அதே கனத்தில் ஒரு துண்டு வைத்து ஓட்டிப் பாருங்க. அடியில் நூல் வளையம் வளையமாக விழுந்தால் மேல்நூலைச் சரியாகக் கோத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்கணும். பாதித் தடவை அதுதான் காரணமாக இருக்கும். நாம பாபின் பெட்டியைக் கழற்றித் திட்டிக்கொண்டிருப்போம்.

ஓரத்துக்குக் கிராஸ் பட்டி. மூலையை மடித்துத் தைக்கத்தான் எல்லாரும் பயப்படுவீங்க. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து மூலையை வளைவாக வெட்டிவிடுங்க. கிராஸ் பட்டி வளைவில் தானாகப் போகும். டம்ளர் யோசனை எங்க மாமியாருடையது. அவங்க பேரைச் சொல்லச் சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்.

சரி, இப்போது பஞ்சு ஷீட்டுக்கு வருகிறேன்.

அந்த ரோலை வைத்து அறுபது செட் சட்டி பிடிக்கிற துணி தைத்தேன். செட்டுக்கு இரண்டு. பூப்போட்ட துணி, சிவப்புப் பட்டி, மாட்டி வைக்க ஒரு காது. பார்க்க அவ்வளவு அழகு. உப்பிக்கொண்டு மெத்துமெத்து என்று இருக்கும். செட் 50 ரூபாய். குழுவில் சிலர் வாங்கினாங்க, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வாங்கினாங்க, மாவட்டத்தில் நடந்த குழுக் கண்காட்சியில் கொஞ்சம் போனது. மொத்தம் 46 செட் விற்றது. எங்க வீட்டுக்காரர்கூட, "கரித்துணிக்கு ஐம்பது ரூவாயா, சனம் வாங்குதே!" என்று அதிசயப்பட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு டீச்சர் போன் செய்தாங்க. திட்டவில்லை. "உன் துணியைக் கொண்டு காய்ஞ்ச தோசைக்கல்லை எடுத்தேம்மா. உள்ளே இருந்தது உருகி விரலில் ஒட்டிக்கிச்சு" என்று சொன்னாங்க. இரண்டு விரலில் கொப்புளம். ஒட்டியதைப் பிய்க்காமல் குழாய்த் தண்ணீரில் ரொம்ப நேரம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நாமாக இருந்தால் பேஸ்ட் தடவியிருப்போம்.

போனை வைத்ததும் மிச்சமிருந்த 14 செட்டில் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே இருந்த பஞ்சில் ஒரு கொத்து எடுத்து, இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினேன். எரியவில்லை. சுருங்கி, உருகி, கறுப்பாக ஒரு சொட்டாக நின்றது. ஆறியதும் கல் மாதிரி கெட்டி. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. அது பருத்திப் பஞ்சே இல்லை, பாலியஸ்டர். சுமார் 250 டிகிரிச் சூட்டில் உருகிவிடும், அதற்கு முன்னாலேயே இளக ஆரம்பிக்கும். வெறும் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து வைத்தால் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. கடையில் எல்லாரும் அதைப் பஞ்சு ஷீட் என்றுதான் சொல்றாங்க. நானும் பஞ்சு என்றால் பருத்தி என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தும், ஓரம் அடித்தேனே தவிர உள்ளே என்ன வைக்கிறாங்க என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் குழுக் கூட்டம். சொல்லலாமா வேண்டாமா என்று கை நடுங்கிக்கொண்டுதான் போனேன். சொன்னேன். ஒரு அக்கா, "எதுக்கு நீயா போய்ச் சொல்ற, யாராச்சும் கேட்டா அப்பப் பார்த்துக்கலாம், குழுப் பேரு கெட்டுப்போகும்" என்றாங்க. அவங்க கெட்டவங்க இல்லை. என் கடன் நிற்குமே என்கிற கவலைதான் அவங்களுக்கு. இன்னொரு அக்கா, "எங்க வீட்டுல எம்மக பன்னெண்டு வயசுப் புள்ளை, அதுதான் அந்தத் துணியில சட்டி எடுக்குது" என்றாங்க. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. விற்றதைத் திரும்ப வாங்குவது, காசைத் திருப்பிக் கொடுப்பது, அந்த மாதத் தவணையை எனக்கு ஒரு மாதம் தள்ளி வைப்பது, அபராதம் கிடையாது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வீடு வீடாகப் போனேன். 39 செட் திரும்பி வந்தது. 1,950 ரூபாய் கொடுத்தேன். டீச்சர் மட்டும் காசை வாங்கிக்கொள்ளவில்லை என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். அவங்க வாங்கிக்கொண்டாங்க, வாங்கியதுதான் சரி. கண்காட்சியில் பேர் ஊர் தெரியாதவங்க வாங்கிப்போன 7 செட் மட்டும் கிடைக்கவே இல்லை. அவை இன்னும் யார் வீட்டு அடுப்படியிலோ தொங்கிக்கொண்டு இருக்கும். இன்றைக்கும் அது எனக்கு நெஞ்சில் முள் மாதிரிதான். அதற்குப் பிறகு யார் வாங்கினாலும் ஒரு நோட்டில் பேரும் போன் நம்பரும் எழுதி வைக்கிறேன்.

இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று மிஷினை மூடிவிட்டேன். எங்க மாமியார்தான் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, மாமனார் கட்டின நூல் வேட்டி ஆறை எடுத்து வந்து மிஷின் மேல் வைத்தாங்க. மாமனார் தவறி அப்போது மூன்று வருஷம். "இது உருகாது, இதை வச்சுத் தை" என்று மட்டும் சொன்னாங்க. அந்த வேட்டியை நாலு மடிப்பும், பழைய டர்க்கி டவல் ஒரு மடிப்பும் உள்ளே வைத்துத் தைத்ததுதான் இப்போது நான் விற்கிற துணி. முன்னதைப் போல உப்பி நிற்காது, ஆனால் சூடு கைக்கு ஏறாது. நூலும் பருத்தி நூல்தான். பாலியஸ்டர் நூலில் தைத்தால் சூடு பட்ட இடத்தில் தையல் விட்டுப்போகும். வாங்குகிறவங்ககிட்ட இரண்டு விஷயம் சொல்லிக் கொடுக்கிறேன். ஈரத் துணியால் சூட்டுச் சட்டியைத் தொடாதீங்க, ஈரம் வழியாகச் சூடு உடனே கைக்கு வந்துவிடும். துணியை அடுப்பு நெருப்பில் காட்டாதீங்க, பருத்தி உருகாதே தவிரத் தீப்பிடிக்கும்.

மிச்சமிருந்த பஞ்சு ஷீட்டை எறியவில்லை. போன் பைக்கும் கண்ணாடிப் பைக்கும் அது ரொம்ப நல்லது. சூடு படுகிற சாமானுக்குத்தான் ஆகாது.

காசுக் கணக்கையும் சொல்லிடறேன், ஏனென்றால் இதில்தான் நாம எல்லாரும் ஏமாறுகிறோம். முன்னாடி செட் 50 ரூபாய்க்கு விற்றேன் இல்லைங்களா? துணி, பட்டி, நூல், கரண்ட் எல்லாம் சேர்ந்து செட்டுக்கு 28 ரூபாய் ஆச்சு. 22 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு செட் தைக்க 50 நிமிஷம் ஆகுது. அப்படிப் பார்த்தால் மணிக்கு 26 ரூபாய்தான் என் கூலி. 100 நாள் வேலைக்கு 2024-25-ல் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். எட்டு மணிக்குப் பிரித்தால் 40 ரூபாய் வருது. வீட்டில் உட்கார்ந்து, கண்ணு வலிக்க, தெரிந்த தொழிலைச் செய்கிற எனக்கு அதைவிடக் குறைச்சலா? இப்போது மணிக்கு 40 வைத்துக் கணக்குப் போடுகிறேன். பழைய வேட்டி, டவல் காசு கொடுத்து வாங்கினாலும் சாமான் அதே 28-க்குள் நிற்குது. கூலி 33, கெட்டுப்போகிறதுக்கும் பஸ்ஸுக்கும் 9. ஆக 70 ரூபாய். "கரித்துணிக்கு எழுபதா?" என்று கேட்பாங்க. பேசாமல் ஒன்றைக் கையில் கொடுத்து, சூட்டுச் சட்டியைப் பிடிக்கச் சொல்லுவேன். பாதிப் பேர் வாங்குவாங்க, பாதிப் பேர் போவாங்க. கடன் போன வருஷம் முடிந்தது.

இப்போது அறுநூறு செட் ஆர்டருக்கு வருகிறேன். இருபது குழுவில் இருபது பேர் தைத்தால் இருபது விதமாக உள்ளே வைப்பாங்க. தைத்து மூடிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் பொருளாளர் அக்கா எதிரிலேயே கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வைக்கிற துணியைக் கூட்டமைப்பே ஓர் இடத்தில் வாங்கி, எரித்துப் பார்த்து, அளந்து எல்லாருக்கும் கொடுக்கணும். விலை படியாது என்று யாராவது பஞ்சு ஷீட் வைக்கலாம் என்றால், இந்த ஆர்டர் நமக்கு வேண்டாம் என்று நான் கை தூக்குவேன்.

எரித்துப் பார்க்கிறதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னால் இருக்கிற வேப்ப மரத்தடியில் காட்டுகிறேன். இடுக்கி, விளக்கு, ஒரு குண்டான் தண்ணீர் எடுத்து வந்திருக்கேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் கையில் பொடியாக உதிரும். மற்றது எப்படி இருக்கும் என்று சொல்லிட்டேன், நேரில் பாருங்க. உங்க வீட்டில் இருக்கிற துணியில் நாலு நூல் உருவிக்கொண்டு வந்தவங்க எடுத்து வாங்க. மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கேன். திருகைத் தளர்த்துவது எப்படி என்று பார்க்க வேண்டியவங்க சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்கு முன்னால் வந்திடுங்க. அந்த பஸ்ஸில் நானும் போகணும்.